பைக்குக் கீழே எழுத்து

ஒருநாள் விட்டு ஒருநாள் தீனி போட வேண்டிய எதையாவது வளர்ப்பவர்கள் எங்கேயும் நிம்மதியாகப் போய்வர முடியாது. மாடு வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். நான் வளர்ப்பது மாடு இல்லை. மனித வயிற்றின் உட்சுவரை மூடியபடி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. ஆபரேஷனின்போது அதிலிருந்து வெட்டியெடுக்கும் சிறு துணுக்கை வாங்கிவந்து, அதற்குள் இருக்கும் செல்களைப் பிளாஸ்டிக் குப்பிகளில் வளர்க்கிறேன். ஃபைப்ரோபிளாஸ்ட் என்று பெயர். எங்கே காயம் பட்டாலும் ஓடிவந்து நார் நெய்து மூடுவது அவற்றின் வேலை. குப்பிக்குள் ஊற்றும் மீடியம் என்ற இளஞ்சிவப்புத் திரவம்தான் அவற்றுக்குச் சாப்பாடு. பசித்தால் அது மஞ்சளாகிவிடும். மஞ்சளாகும் முன் நான் அங்கே நிற்க வேண்டும். கீழே நகரத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் என் பிழைப்பு. "சனிக்கிழமை மீடியம் மாத்தணும்" என்று சொல்லியே நான் பகைத்துக்கொண்ட சொந்தக்காரர்கள் ஏராளம்.

அக்கா மட்டும் கோபித்துக்கொள்ள மாட்டாள். "உனுக்கு உன் குட்டிங்க, எனுக்கு என் பை. ரெண்டு பேரும் எங்க போவ முடியும்?" என்பாள்.

அக்கா ஜவ்வாது மலையில், நாங்கள் பிறந்த அதே குடியிருப்பில், மாமாவோடு இருந்தாள். சாமை, கொஞ்சம் கேழ்வரகு, வீட்டுக்குப் பின்னால் நான்கைந்து புளியமரம். நான் ஆராய்ச்சியில் சேர்ந்த பிறகுதான் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. அவளுக்காகத்தான் நான் இதைப் படிக்கப் போனேன் என்று சொன்னால் கேட்பவர்கள் உருகுவார்கள். அப்படி நடக்கவில்லை. அது வேறு, இது வேறாக வந்து, என் மேசையில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் என்றால் வாரம் மூன்று முறை மலையிறங்க வேண்டும். மலையிலிருந்து அது நடக்காத காரியம். குடியே கீழே மாற்ற வேண்டியதுதான். அதனால் டாக்டர்கள் இன்னொரு வழி சொன்னார்கள். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் வைப்பார்கள். அதன் வழியாக ஒரு பை நிறைய சர்க்கரை கலந்த நீரை வயிற்றுக்குள் இறக்க வேண்டும். சில மணி நேரம் அது உள்ளேயே கிடக்கும். உடம்பின் கழிவு அந்தச் சவ்வு வழியாகக் கசிந்து அதில் சேரும். பிறகு வடித்துவிட்டுப் புதுப் பை. தினமும் நாலு வேளை. வீட்டிலேயே, தானே செய்துகொள்ளலாம். பைகள் போளூரிலிருந்து பிக்கப் வண்டியில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக மலைக்கு ஏறும்.

அக்காவை உயிரோடு வைத்திருந்தது அந்தச் சவ்வு. நான் குப்பியில் வளர்ப்பது அந்தச் சவ்வின் செல்களை. இதில் எனக்கு ஒரு தொல்லை இருந்தது. குப்பியில் அவை பெருக வேண்டும் என்று நான் தவம் கிடப்பேன். பெருகினால்தான் எனக்கு வேலை ஓடும். அதே செல்கள் அக்காவின் வயிற்றுக்குள் சும்மா கிடக்க வேண்டும். சர்க்கரை நீர் அவற்றைச் சீண்டும். கிருமி உள்ளே போய்விட்டால் கேட்கவே வேண்டாம், காயம் பட்டதென்று எழுந்து நார்மேல் நாராக நெய்யத் தொடங்கிவிடும். சவ்வு தடித்துத் தோல்போல ஆகிவிட்டால் அதன் வழியாக எதுவும் கசியாது. அவற்றை எப்படி அமைதிப்படுத்துவது என்பதுதான் என் ஆராய்ச்சி. சர்க்கரை நீரைக் குப்பியில் ஊற்றி அவை முறுக்கேறுவதைப் பார்ப்பேன். பிறகு ஒவ்வொரு மருந்தாகப் போட்டு, அடங்குகிறதா என்று பார்ப்பேன். அடங்கியதாகப் பெருமையடித்துக்கொள்ள இதுவரை எதுவும் இல்லை.

அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை கிருமி தொற்றியிருந்தது. இன்னொரு முறை வந்தால் குழாயை எடுத்துவிட வேண்டியிருக்கும், அதற்கப்புறம் மெஷின்தான் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மெஷின் என்றால் மலை போயிற்று. வீடு, மரம், மாமாவோடு சேர்ந்த சாப்பாடு எல்லாம் போயிற்று. அக்காவுக்கு இது நன்றாகத் தெரியும். எனக்கும் தெரியும்.

பை மாற்றுவதற்காகவே மாமா வீட்டின் ஓரத்தில் ஓர் அறையைத் தடுத்து, டைல்ஸ் ஒட்டி, கதவு போட்டுக் கொடுத்தார். அந்த அறைக்குச் சட்டங்கள் உண்டு. கையைச் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும், வாயில் மாஸ்க் கட்ட வேண்டும், ஃபேனை நிறுத்த வேண்டும், கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்த வேண்டும். என் ஆய்வுக்கூடத்துச் சட்டமும் ஏறக்குறைய இதுதான். காற்றில் மிதந்து வரும் ஒரு துளி அழுக்குப் போதும், குப்பி கெட்டுவிடும்.

ஆனால் எங்கள் குடியிருப்பில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. பகலில் கதவு சாத்தியிருந்தால் அந்த வீட்டில் ஏதோ கேடு என்று அர்த்தம். பக்கத்து வீட்டுப் பெண்கள் தட்டக்கூட மாட்டார்கள், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து "இன்னா ஆச்சி?" என்று கேட்பார்கள். கேட்காமல் போவதுதான் தப்பு. ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை அப்படி வந்து, மாஸ்க்கோடு வயிற்றில் குழாயைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்துப் பதறிப்போனார்கள். அப்புறம் புரிந்துகொண்டார்கள் என்று அக்கா போனில் சொன்னாள். இப்போதெல்லாம் கதவை நன்றாகச் சாத்திக்கொண்டுதான் செய்கிறேன் என்றும் சொன்னாள்.

வடித்த நீரை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். தெளிந்த இளமஞ்சளாக இருந்தால் சரி. கலங்கியிருந்தால் கிருமி. வெறுமனே பார்த்தால் ஏமாந்துவிடுவோம் என்பதற்காக ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பையை வைத்து, கீழே உள்ள எழுத்தைப் படிக்க வேண்டும். படிக்க முடிந்தால் தெளிவு, முடியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. அக்கா ஒரு துண்டுச் செய்தித்தாளை இதற்கென்றே வைத்திருந்தாள். மலைக்குப் பேப்பர் தினமும் வருவதில்லை, கடையில் ஏதோ பொட்டலம் கட்டித் தந்தது. அதில் யாத்திரைக்கு ஆள் சேர்க்கும் விளம்பரம் ஒன்று இருந்தது.

போன வருஷம் ஐப்பசி மழையில், ஒரு வெள்ளிக்கிழமை குப்பிகளுக்கெல்லாம் புது மீடியம் ஊற்றிவிட்டு மலையேறினேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவதாக ஏற்பாடு. சனிக்கிழமை காலையில் மழை வலுத்தது. மத்தியானம் கரண்ட் போயிற்று, அதோடு போன் சிக்னலும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாமா குடையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கொண்டைஊசி வளைவில் பாறை சரிந்து, மூன்று மரம் குறுக்கே விழுந்து, ரோட்டில் பாதி பள்ளத்துக்குள் போயிருந்தது.

"பஸ்ஸு இல்ல, வண்டி இல்ல. உங்க குட்டிங்க இந்த வாரம் பட்டினி தான்" என்றார் மாமா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல மாதமாக வளர்த்தவை. ஒரு நோயாளியின் துணுக்கிலிருந்து முதல் செல் ஊர்ந்து வெளியே வருவதற்கே வாரக்கணக்கில் ஆகும். என் கூட வேலை செய்யும் தோழியிடம் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. வாசலில் நிற்பேன், மழையைப் பார்ப்பேன், உள்ளே வருவேன், மறுபடி வாசலுக்குப் போவேன். குப்பிகள் மஞ்சளாவதை நினைத்து நினைத்துச் சாப்பாடே இறங்கவில்லை. இந்த மலையில் பிறந்து வளர்ந்தவள்தான் நான். ஆனால் அன்றைக்கு அது என்னைப் பிடித்து அடைத்துவைத்திருப்பதாகவே எனக்குப் பட்டது.

"சும்மா குந்து. நீ நடந்தா மழ நிக்குமா?" என்றாள் அக்கா. முகம் வெளிறியிருந்தது. சாதத்தைப் பிசைந்துவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். மழைக்கு உடம்பு ஒருமாதிரியாக இருக்கிறது என்றாள். நான் என் குப்பிக் கவலையில் இருந்தேன், நம்பினேன்.

திங்கட்கிழமை பகல் வேளைப் பையை மாற்ற அவள் அறைக்குள் போனாள். நான் வெளியே நின்று, "தெளிவா இருக்காக்கா?" என்று கேட்டேன்.

"தெளிவா தான் கீது. படிக்கிறேன், கேளு" என்றாள். பிறகு சத்தமாகப் படித்தாள். "காசி, கயா, அயோத்தி, திரிவேணி சங்கமம். தென்னிந்திய உணவு, தங்கும் வசதி உட்பட. முதியோருக்குத் தனிக் கவனிப்பு. முன்பதிவுக்கு முந்துங்கள்."

குரல் எங்கும் தடுக்கவில்லை. அது எனக்கு விநோதமாக இருந்தது. வானம் இருட்டிக் கிடந்தது, வீட்டில் கரண்ட் இல்லை. எனக்கு அந்த வெளிச்சத்தில் சுவர்க் காலண்டரில் தேதியே தெரியவில்லை. கையைத் தேய்த்துக் கழுவி, மாஸ்க் கட்டிக்கொண்டு கதவைத் தள்ளினேன். தள்ளவே வேண்டியிருக்கவில்லை. ஒரு கை நுழையும் அளவுக்கு அது திறந்தே இருந்தது.

பை தரையில் செய்தித்தாள்மேல் கிடந்தது. அக்கா பையைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் குனிந்து பார்த்தேன். அரிசி கழுவிய தண்ணீர் அளவுக்குக் கலங்கியிருந்தது. அதன் கீழே காசியும் இல்லை, கயாவும் இல்லை. பேப்பரை உருவி, பின்பக்கம் திருப்பி, மறுபடி பைக்குக் கீழே வைத்தேன்.

"இப்போ படி, அக்கா" என்றேன்.

அவள் படிக்கவில்லை. எத்தனையோ மாதமாக நாலு வேளையும் அதே விளம்பரம். அவளுக்கு அது மனப்பாடம்.

"எப்போத்துலருந்து?"

"நேத்து காலைல லேசா இருந்துச்சி. அப்பால கெட்டியாய்டுச்சி."

"நேத்தே ஏன் சொல்லல? கதவ வேற தெறந்து வெச்சிக்கினு பண்ணிக்கீற. என்னாண்ட போன்ல சாத்துறேன் சாத்துறேன்னு சொன்னியே!" நான் கத்தினேன். அந்தச் சின்ன அறையில் என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

"சாத்துனா மூச்சு முட்டுதுடி" என்றாள் அக்கா. அவள் கத்தவில்லை. "நாலு வேளையும் உசிரோட உள்ள வெச்சி மூடுன மாரி கீது. சனங்க வேற, கதவு சாத்திக்கினா யாருக்கு இன்னாவோன்னு ஓடியாறாங்க. கொஞ்சமா தெறந்து வெச்சா அவங்களும் வர மாட்டாங்க, எனுக்கும் காத்து வரும். அவ்ளோ தான்."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப? ரோடே இல்ல. ரோடு இருந்தாலும் இன்னா பண்ணுவீங்க? கொழாய எட்துட்டு என்னிய கீழ குடி வெப்பீங்க. ஒரு நாளு தள்ளி போவட்டுமேன்னு இருந்தேன்."

எனக்குக் கோபம் அடங்கவில்லை, அழுகையும் வந்தது. அவளுடைய வயிற்றுக்குள் அந்த நேரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்குப் படமாகத் தெரியும். மைக்ராஸ்கோப்பில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். செல்கள் நீண்டு, முறுக்கேறி, ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நார் நெய்யும். கிருமியைக் கொல்லும் மருந்து கீழே ஆஸ்பத்திரியில் இருந்தது. நாங்கள் மேலே இருந்தோம். இவ்வளவு தெரிந்தும் நான் செய்ய முடிந்தது புதுப் பையைப் போட்டு வயிற்றைக் கழுவிவிடுவது மட்டும்தான். இந்த முறை கதவைச் சாத்தித் தாழ்போட்டேன். அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமாவிடம் சொன்னேன். அவர் உடனே வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஏழெட்டுப் பேர் மூங்கிலும் கம்பளியும் கயிறுமாக வந்து நின்றார்கள். பிரசவம், பாம்புக்கடி எதுவானாலும் ரோடு இல்லாதபோது எங்கள் பக்கம் டோலிதான். கம்பளியை மூங்கிலில் கட்டி, அதற்குள் ஆளைப் படுக்கவைத்து, ஆள் மாற்றி ஆள் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். ஒடுகத்தூர் பக்கம் இறங்கும் பழைய ஒற்றையடிப் பாதையில் போவதாகத் தீர்மானமாயிற்று.

கம்பளிக்குள் அக்காவை வைத்து, விழாமலிருக்க மார்புக்கும் முழங்காலுக்கும் கயிறு கட்டினார்கள். "இது ஒண்ணு தான் பாக்கி இருந்துச்சி" என்றாள் அக்கா. தூக்கியவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள், வயிறு இழுத்துப் பிடித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். நான் புதுப் பை இரண்டைச் சேலையில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டேன். வழியெல்லாம் சேறு, வழுக்கல், அட்டை. ஒரு திருப்பத்தில் இறக்கிவைத்து மூச்சு வாங்கியபோது, "வூட்டாண்ட புளிய மரம் தெரியுதா இங்கேர்ந்து?" என்று கேட்டாள். அவளால் தலையைத் திருப்ப முடியவில்லை. மேலே பார்த்தேன். மேகம்தான் இருந்தது. தெரியவில்லை என்றேன்.

ஒடுகத்தூரில் ஆட்டோ கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலையில் ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன். என் குப்பிகள் எல்லாம் இளஞ்சிவப்பாக, கொழுகொழுவென்று இருந்தன. மழைச் செய்தியைப் பார்த்துவிட்டுத் தோழி தானாகவே மீடியம் மாற்றியிருக்கிறாள். எதற்காக மூன்று நாள் வாசலுக்கும் வீட்டுக்கும் நடந்தேனோ, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. குப்பிகளை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டரின் கதவை மூடிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

அக்காவுக்கு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பை தெளியவில்லை. குழாயை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எடுக்கும்போது சவ்வில் ஒரு துணுக்கை ஆராய்ச்சிக்குத் தர சம்மதமா என்று, எல்லா நோயாளிகளிடமும் கேட்பதுபோல, டாக்டர் அவளிடமும் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். "எட்துக்கட்டும். இனிமே அத்த நான் வெச்சிக்கினு இன்னா பண்ண போறேன்?" என்றாள். வேறு யாராவது இந்தத் துணுக்கைக் கவனிக்கட்டுமே என்றார் என் பேராசிரியர். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வேறொருவர் கையில் விட எனக்கு மனம் வரவில்லை.

அரிசி அளவுத் துணுக்கு. பிளேடால் இன்னும் பொடியாக நறுக்கி, தட்டில் ஒட்டவைத்து, மூழ்கியும் மூழ்காமலும் மீடியம் விட்டு, அசைக்காமல் வைக்க வேண்டும். பதினைந்து நாள் ஒன்றுமே இல்லை. பிறகு ஒரு காலை, துணுக்கின் விளிம்பிலிருந்து ஒரு செல் நீண்டு வெளியே எட்டிப் பார்த்தது. அப்புறம் நிற்கவே இல்லை. இத்தனை வருஷத்தில் அவ்வளவு வேகமாக வளர்ந்த செல்களை நான் பார்த்ததில்லை. வேறு யாருடையதாக இருந்தாலும் ஆய்வுக்கூடத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்.

இப்போது அக்கா கீழே, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் அறையில் இருக்கிறாள். வாரம் மூன்று முறை மெஷின். சந்தில் எல்லா வீட்டிலும் பகலிலும் கதவு சாத்தித்தான் இருக்கிறது. யாரும் தள்ளிக்கொண்டு வந்து என்ன ஆச்சு என்று கேட்பதில்லை. மாமா மலையில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, வாரத்துக்கு ஒருமுறை வந்துபோகிறார்.

தை மாசத்தில் ஒருநாள் அவளுடைய செல்களின் படத்தைப் போனில் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இது நானா?"

"நீ தான்க்கா."

"நாத்து மாரி இன்னா நெருக்கமா வந்துக்கீது. இத்த கொஞ்சம் புடுங்கி கலைக்க மாட்டியா?"

கலைப்பேன் என்றேன். குப்பி நிறைந்ததும் செல்களைப் பெயர்த்தெடுத்து, கொஞ்சத்தைப் புதுக் குப்பிக்கு மாற்றிவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுவோம். அதை அவளுக்குச் சொன்னேன்.

"மிச்சத்த எங்க கொட்டுவ?"

"சிங்க்ல."

அக்கா போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "அதுல கொட்டாத. ஒரு தபா மேல எட்துக்கினு போய் நம்ம வூட்டாண்ட புளிய மரத்துக்கிட்ட ஊத்திட்டு வா. அதுவாவது போவட்டும்" என்றாள்.

சரி என்றேன். ஆனால் மனிதச் செல் எதுவும் ஆய்வுக்கூடத்தைவிட்டு உயிரோடு வெளியே போகக்கூடாது. மறுநாள் குப்பியைப் பிரித்தபோது, மிச்சமானதில் சட்டப்படி பிளீச்சிங் திரவத்தை ஊற்றினேன். இளஞ்சிவப்பு நிறம் வெளுத்துத் தண்ணீராயிற்று. குழாயைத் திறந்துவிட்டுச் சிங்க்கில் கொட்டினேன்.

அன்று சாயங்காலம் அக்கா அறைக்குப் போனேன். முந்தின நாள் மாமா மலையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்த சாமை மூட்டை கதவோரம் சாய்ந்திருந்தது.

"எட்துக்கினு போனியா?" என்று கேட்டாள்.

"இன்னும் ரோடு சரியாவலக்கா" என்றேன்.

அக்கா அந்த மூட்டையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"சரி, சரியானதும் போ" என்றாள்.